வண்டியின் முறையீடு

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை பழவேற்காட்டை அடைகிறது. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான் உள்ளது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே மீனவர் குப்பங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் என் தமக்கை வாழ்கிறாள். கடன் கேட்பதற்காக ஒருநாள் அவள் வீட்டிற்குச் சென்ற நான், கடனைவிடப் பெரியதொன்றைப் பெற்றுத் திரும்பினேன். அதனையே இங்குக் கூற விரும்புகிறேன்.

என்னிடம் பழைய கார் ஒன்று இருந்தது. வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் அதன் அடியிலிருந்து, கல்லில் இரும்பைத் தேய்ப்பது போன்ற கரகரப்பு எழலாயிற்று. முதலில் அதனை நான் பொருட்படுத்தவில்லை. ஓசை காதில் விழாதிருக்க வானொலியை உரக்க வைத்துக்கொண்டேன். ஓசை வளர்ந்தது. நகரத்துப் பட்டறை ஒன்றில் வண்டியைக் காட்டினேன். அங்கிருந்தவர் சற்றுத் தொலைவு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பெட்டி தேய்ந்துவிட்டது, மாற்றியே தீரவேண்டும்" என்றார். அவர் கூறிய தொகை என் மூன்று மாத ஊதியத்தை விழுங்கிவிடும். பெருந்தொகை சொல்கிறாரே, அப்படியானால் பழுதும் பெரிதாகவே இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

தமக்கையின் கணவர் நான் வந்த நோக்கத்தைக் கேட்டறிந்தார். புதுவலை வாங்குவதற்கென ஒதுக்கி வைத்திருந்த பணத்தை எடுத்து வருவதற்காக அவர் எழுந்தார். வலைக்கு வைத்த பணம் என்று அறிந்ததும் என் நெஞ்சம் சுருங்கியது. "வேண்டாம் அத்தான்" என்றேன். அவர் சிறிது சிந்தித்து, "பணம் இருக்கட்டும். எங்கள் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பெரியவரிடம் முதலில் காட்டுவோம், வா" என்று அழைத்துச் சென்றார்.

பெரியவர் எடுத்த எடுப்பில் எந்தக் கருவியையும் தொடவில்லை, வினாக்களையே தொடுத்தார். "வண்டி நிற்கும்போது ஓசை வருகிறதா, தம்பி? வளைவில் மாறுகிறதா? ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடுகிறதா?" ஒன்றுக்கும் என்னால் தெளிவாக விடை கூற இயலவில்லை. ஓசையை மறைக்க முயன்றவன் அதனை எங்ஙனம் அறிவான்?

அவர் என் அருகில் அமர, ஆளற்ற நேர்சாலையில் வண்டியை ஓட்டினோம். வேகத்தைக் கூட்டினால் கரகரப்பு எழுந்தது. அதே வேகத்தில் கியரை விடுவித்து வண்டியைத் தானாக ஓடவிட்டபோது அடங்கியது. "சக்கரத்தின் பேரிங் கெட்டிருந்தால், சக்கரம் சுழலும்வரை ஓசை நின்றிராது" என்றார். அடுத்து, வண்டியை நிறுத்திவைத்து, கியரில் போடாமல் எஞ்சினை உறுமச் செய்தோம்; ஓசை இல்லை. "சுமை ஏறும்போது மட்டுமே கத்துகிறது. படகிலும் இப்படித்தான். எஞ்சினைத் தாங்கும் இடம் தளர்ந்துவிட்டால், சும்மா ஓடுகையில் அமைதியாக இருக்கும், நீரைத் தள்ளத் தொடங்கியதும் அலறும்" என்று விளக்கினார்.

பின்னர்க் கைபிரேக்கை இழுத்து, கால்பிரேக்கையும் அழுந்த மிதித்து, முதல் கியரில் கிளட்சை இம்மியளவு விடச் சொன்னார். வண்டியின் முன்னே நில்லாமல், பக்கவாட்டில் நின்று, திறந்த மூடியின் வழியே உற்றுநோக்கினார். எஞ்சின் ஒரு பக்கம் அலைமேல் படகுபோல் எழுந்தது; அக்கணமே கரகரப்பும் கேட்டது.

எந்த விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்பதை நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். எஞ்சின் சக்கரங்களை ஒரு திசையில் திருப்பும்போது, தான் எதிர்த்திசையில் திரும்ப முனைகிறது. அதனைத் தடுத்து நிறுத்துபவை எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகள். என் வண்டியில் அவற்றுள் ஒன்று கிழிந்திருந்தது. ஆதலால் எஞ்சின் சாயுந்தோறும் அதனோடு இணைந்த சைலன்சர் குழாயும் நகர்ந்து, வண்டியின் அடிச்சட்டத்தில் உராய்ந்தது. அடியில் விளக்கைப் பிடித்துக் காட்டினார். உப்புக்காற்றால் துருவேறிய இரும்பில் ஓரிடம் மட்டும் புதுக்காசுபோல் பளபளத்தது. அதுவே உராய்ந்த இடம். அதன் அருகிலேயே பிரேக் எண்ணெய்க் குழாய் சென்றது. இன்னும் சில காலம் பாராமுகமாக இருந்திருப்பின், என்ன நேர்ந்திருக்குமோ என எண்ணி நடுங்கினேன்.

பொன்னேரிக்குப் பேருந்தில் சென்று புதிய மவுண்ட்டை வாங்கி வந்தேன். பெரியவர் எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் தாங்கி, பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். சைலன்சரைத் தாங்கும் துருப்பிடித்த கொக்கியையும் மாற்றினார். மாலைக்குள் வேலை முடிந்தது. செலவோ, என் கைப்பணத்திற்குள் அடங்கியது. வலைக்குரிய பணம் வலைக்கே சென்றது.

திரும்பும்போது ஏரியில் ஒருவர் நீண்ட கழியை ஊன்றிப் படகு செலுத்திக்கொண்டிருந்தார். கழி தரையைத் தொடும் உணர்விலேயே அடியில் இருப்பது சேறா, மணலா என்று அறிந்துவிடுவார்கள் என அத்தான் கூறினார். பெரியவரும் வண்டியிடம் அதைத்தானே செய்தார்! ஒவ்வொரு வினாவையும் ஒரு கழியாக ஊன்றினார்; அல்லாத காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கினார்; எஞ்சியதைக் கண்ணாலும் கண்டபின்பே கருவியைக் கையில் எடுத்தார்.

ஓசை என்பது பகையன்று. அது ஒரு முறையீடு. அதனை அடக்க முயல்வோருக்கு அது அச்சத்தையே தரும். பொறுமையுடன் செவிசாய்ப்போருக்கோ தன் இருப்பிடத்தைத் தானே காட்டிவிடும். அன்று முதல் நான் வண்டியில் ஏறியதும் வானொலியைத் தொடுவதில்லை. சிறிது தொலைவுவரை வண்டி பேசுவதைக் கேட்ட பின்னரே மற்றவற்றைக் கேட்கிறேன்.