கனலெட்டஸ் நீரும் கல்வீட்டுப் பிள்ளைகளும்

பார்சிலோனா நகரின் நடுநாயகமாகிய கதலூனியா சதுக்கத்திலிருந்து கடலை நோக்கி இறங்குவது 'லா றம்பிளா' என்னும் மரநிழல் வீதி. அதன் தலைப்பில் இரும்பினால் வார்த்த பழைய நீர்க்குழாய்த் தூண் ஒன்று நிற்கின்றது. நாலு குழாய்கள்; உச்சியில் விளக்குகள்; கனலெட்டஸ் என்பது பெயர். இதன் நீரைப் பருகியவர் எத்திசை சென்றாலும் இந்நகருக்கு மீண்டும் வந்தே தீருவர் என்பது அவ்வூரார் நம்பிக்கை.

2018 ஆம் ஆண்டு ஏப்பிரல் விடுமுறையில் பாரிசிலுள்ள என் தமையனார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்து புகையிரதத்தில் ஆறரை மணி நேரம் பயணஞ் செய்து இத்தூணின் முன் வந்து நின்றபோது, என்னுடன் தமையனாரின் மகனும் இருந்தான். ஸ்பானிய மொழியைப் பாடசாலையிற் பயின்றவனாகையால் அவனே எனக்குத் துபாஷி. உதைபந்தாட்டப் பித்தும் அவனுக்கு உண்டு. அது எனக்கும் உண்டு என்பதை என் மாணவர் அறிவர்.

தம் கழகம் வெற்றி பெறும் இரவுகளில் பார்சிலோனா மக்கள் வந்து கூடுவது இந்தக் குழாயடியில்தான். காரணம் சுவையானது. 1930 களில் 'லா றம்பிளா' என்ற பத்திரிகையின் அலுவலகம் இதற்கு எதிரே இருந்தது. வானொலி எல்லா வீட்டிலும் இல்லாத காலம். ஆட்ட முடிவுகளை அவர்கள் கரும்பலகையில் எழுதி வெளியே வைப்பார்கள். அதைப் பார்க்க வந்த கூட்டம் அங்கேயே நின்று கொண்டாடப் பழகிவிட்டது. பத்திரிகையை நிறுவிய ஜோசெப் சுன்யோல் பின்னர் கழகத்தின் தலைவரானார். 1936 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பிராங்கோவின் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

கழகத்தை 1899 இல் நிறுவியவர் ஹான்ஸ் கம்பர் என்னும் சுவிற்சர்லாந்துக்காரர். (தமிழில் எழுதினால் பெயர் அப்படித்தான் வருகின்றது, இராமாயணக்காரருக்கும் இவருக்கும் உறவில்லை.) 1925 இல் இக்கழகத்தின் மைதானத்திற் கூடியிருந்தோர் ஸ்பானிய அரச கீதத்தைக் கேட்டுச் சீழ்க்கையடித்தனர் என்பதற்காக அரசு மைதானத்தையே சில மாதம் பூட்டிவிட்டது. இவற்றையெல்லாம் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மேலிடத்திலிருந்து ஒரு தண்டனை வந்தால், 'நாம் என்ன பிழை செய்தோம்?' என்று கேட்பதற்கு முன் 'நம்மை யார் ஒறுக்கிறார்கள்?' என்று கேட்கும் பழக்கம் இம்மக்களுக்கு இப்படித்தான் வந்தது.

சுரங்கப் புகையிரதத்தில் லெஸ் கோர்ட்ஸ் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் காம்ப் நோ மைதானம். 1957 இல் திறக்கப்பட்டது. நாங்கள் சென்ற நாளில் ஏறத்தாழ 99,000 ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. 'ஒரு கழகத்திலும் மேலானது' என்ற அவர்கள் விருதுவாக்கியம் ஆசனங்களின் நிறத்தாலேயே எழுதப்பட்டிருந்தது. பிரமாண்டந்தான், ஆயினும் நான் பார்க்க விரும்பியது அதன் அயலில் நின்ற ஓட்டுக் கூரைக் கல்வீட்டை.

'லா மாசியா' என்றால் பண்ணை வீடு. 1702 இல் கட்டப்பட்ட உண்மையான பண்ணை வீடே அது. 1979 இல் அதனை இளம் ஆட்டக்காரர்களின் விடுதியாக்கினார்கள். 2011 இல் விடுதி நகருக்கு வெளியே புதிய கட்டிடத்துக்கு மாறிற்று. பெயரும் கூடவே சென்றது. இந்தச் சன்னல்களுக்குப் பின்னால் 1996 இல் பன்னிரண்டு வயது இனியெஸ்டா பெற்றோரைப் பிரிந்து வந்து படுத்தான். முதல் இரவுகளில் அழுது தீர்த்ததைப் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். பத்தாண்டுக்கு மேல் மாணவர் விடுதி ஒன்றை மேற்பார்த்தவன் நான். விளக்கணைத்த பின் தலையணைக்குள் எழும் அந்த ஒலியை எந்த நாட்டிலும் அடையாளம் காண்பேன்.

அழுத பிள்ளைகள் உலகை வென்றார்கள். 2010 ஆம் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதுக்குக் கடைசியாகத் தெரிவான மூவரும், மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி, இவ்விடுதி வளர்த்தவர்கள். 2012 நவம்பரில் லெவாந்தே கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் களத்தில் நின்ற பதினொருவரும் இங்கு பயின்றவர்களே. ஊர் பெருமிதம் கொண்டதில் வியப்பில்லை.

இந்தப் பெருமிதத்தின் மேல்தான் 2014 ஏப்பிரல் 2 ஆம் திகதி இடி விழுந்தது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீஃபா, 2009 முதல் 2013 வரை பத்துச் சிறுவர்கள் தொடர்பில் பார்சிலோனா விதிகளை மீறியது என்று தீர்ப்பளித்தது. 4,50,000 சுவிஸ் பிராங் அபராதம். தொடர்ந்து வரும் இரண்டு மாற்றப் பருவங்களில் புதிய வீரரைப் பதிவு செய்யத் தடை. விதி இதுதான்: பதினெட்டு வயது நிரம்பாதவனை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகம் எடுக்கலாகாது. பெற்றோர் உதைபந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் அந்நாட்டில் குடியேறியிருந்தால் விலக்குண்டு. வேறு சில விலக்குகளும் உண்டு. ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டி ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து, ஆட்டம் போதாதென்றதும் தெருவில் விட்டுச்சென்ற தரகர்களை நினைத்து 2001 இல் எழுதப்பட்ட விதி அது.

அந்த வாரத்திலேயே காம்ப் நோவில் ஒரு பெரிய பதாகை விரிந்தது: 'லா மாசியாவைத் தொடாதே.'

கல்வீட்டின் அருகே வாங்கொன்றில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவருடன் பேச்சுக் கொடுத்தோம். இக்கழகத்துக்கு முதலாளி இல்லை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினரே உடைமையாளர். அவரும் ஒருவர், தகப்பனார் காலத்து உறுப்புரிமை. நான் 2014 என்றதும் கையை உயர்த்தினார்.

"நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுத்தோம், வைத்தியம் கொடுத்தோம், வயிறாரச் சோறு கொடுத்தோம். இது குற்றமா, ஆசிரியரே? இந்த விதி ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் மெஸ்ஸி எங்கே?"

வலிமையான வாதந்தான். றொசாரியோவிலிருந்து பதின்மூன்று வயதில், வளர்ச்சிக் குறைபாட்டுக்கு ஊசி மருந்தோடு, மெஸ்ஸி வந்தது 2000 இல். அவரைச் சேர்ப்பதாக அவ்வாண்டு டிசெம்பரில் கடதாசிக் கைத்துடைப்பான் ஒன்றில் வாக்குறுதி எழுதிக் கொடுத்தார்கள். (அந்தக் கடதாசி 2024 இல் 7,62,400 பவுணுக்கு ஏலம் போனது.) ஆனால் முழுக் கதை வேறு. பழைய கழகத்துடனான பிணக்கினால் அவரும் முதல் வருடத்தில் பெரும்பாலும் ஆடாமல் இருந்தார். தாயும் உடன்பிறந்தோரும் ஊர் திரும்பினர், தகப்பனோடு தனித்திருந்தார்.

பெரியவர் குரலைத் தாழ்த்தி மட்ரிட்டின் பெயரைச் சொன்னார். முறைப்பாட்டுக்குப் பின்னால் தலைநகரின் கை இருக்கிறதென்று அன்று பலர் நம்பினர். 2016 சனவரியில் அதே விதியின் கீழ் மட்ரிட்டின் இரு பெருங் கழகங்களுக்கும் தடை விழுந்ததே என்று மருமகன் நினைவூட்டினான். பெரியவர் முகம் மலர்ந்தது. அந்தத் தீர்ப்பு அவருக்கு முற்றிலும் நியாயமாகவே பட்டது.

எங்கள் பக்கத்திலும், பந்து நன்றாக உதைக்கும் பையனொருவனை இன்னொரு பாடசாலை தன் விடுதிக்கு இழுத்துக்கொண்டால் அது களவு. நாம் இழுத்தால் புலமைப்பரிசில்!

பிறகு நான் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டேன். அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? தென்கொரியாவின் லீ சுங்-வூ 2013 முதல் கழகத்துக்காகப் போட்டியில் இறங்க முடியாமல், பதினெட்டு நிரம்பிய 2016 சனவரி வரை காத்திருந்தான். இடையே 2014 செப்தெம்பரில் பாங்கொக்கில் நடந்த பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் தன் நாட்டுக்காக ஆடிச் சிறந்த ஆட்டக்காரன் விருது பெற்றான். திரும்பி வந்து மீண்டும் பார்வையாளனானான். பத்து வயதில் வந்த ஜப்பானியச் சிறுவன் தகெஃபுசா கூபோ 2015 இல் ஊர் திரும்பினான். கழகமோ? மேன்முறையீடு நிலுவையில் இருந்த 2014 கோடையிற் சுவாரெஸ் முதலியோரை வாங்கிக்கொண்டு, தடை நடைமுறையிலிருந்த 2015 இல் மூன்று கிண்ணங்களையும் வென்றது. அவற்றுள் ஒன்று ஜூன் 6 ஆம் திகதி பேர்லினில் வென்ற ஐரோப்பியக் கிண்ணம். அன்றிரவு கனலெட்டஸில் கால் வைக்க இடமிருந்திராது.

"அது பீஃபாவின் குற்றம்" என்றார் பெரியவர். பாதி உண்மை. பிள்ளையைக் காக்க எழுதிய விதி பிள்ளையையே வாங்கில் இருத்தியது. மற்றப் பாதியை நான் ஆசிரியன் என்பதாற் சொல்ல வேண்டியிருந்தது. விண்ணப்பம் ஏற்கப்படாது என்று தெரிந்துகொண்டே மாணவனை வகுப்பில் இருத்திய அதிபர், பரீட்சை மண்டப வாசலில் அவனைத் தடுத்தவர்மேல் மட்டும் பழி சொல்ல முடியுமா? விதி 2001 முதல் எழுத்தில் இருந்தது. பதாகை 'வீட்டைத் தொடாதே' என்றது. பையனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மருமகன் இதை எவ்வளவு மென்மையாக மொழிபெயர்த்தானோ அறியேன். பெரியவர் சிறிது நேரம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கொரியப் பையன் நன்றாக ஆடுவான், கண்டிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். கோபிக்கவில்லை, எழுந்து எங்களை நிலையம் வரை அழைத்து வந்து, கனலெட்டஸில் தண்ணீர் குடிக்காமற் போகக் கூடாது என்று கட்டளையிட்டு விடைபெற்றார்.

குடித்தோம். சாதாரணக் குழாய்த் தண்ணீர், சற்றுக் கடுப்பு. அந்த ஜப்பானியச் சிறுவனையும் ஒருநாள் யாராவது இங்கு அழைத்து வந்து குடிக்கச் சொல்லியிருப்பார்களோ என்று மருமகனிடம் வேடிக்கையாகக் கேட்டேன்.

மறு வருடம், 2019 ஜூனில், கூபோ ஸ்பெயினுக்குத் திரும்பி வந்துவிட்டான் என்ற செய்தியை மருமகன் தொலைபேசியில் சொன்னான். வந்தது பார்சிலோனாவுக்கு அன்று, றியல் மட்ரிட்டுக்கு. பெரியவர் என்ன சொல்கிறார் என்று எழுதிக் கேட்க ஆசைதான். முகவரி வாங்க மறந்துவிட்டேன்.