ராத்திரி டூட்டி

முகப்பேர் என்ற பெயர் 'மகப்பேறு' என்பதிலிருந்து திரிந்து வந்தது என்று எங்கள் ஏரியாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆதாரம் கேட்டால் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலைக் காட்டுவார்கள். பிள்ளை வரம் வேண்டி எங்கெங்கிருந்தோ தம்பதிகள் வருகிற கோயில். ஹவுசிங் போர்டு வந்து, அப்பார்ட்மென்ட்டுகள் வந்து, 2011-ல் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் ஐக்கியமான பிறகும் பெருமாளின் இலாகா மாறவில்லை. ஆனால் அந்த இலாகா பிள்ளை கிடைப்பதோடு சரி. கிடைத்த பிள்ளை ராத்திரி ரெண்டு மணிக்கு வீறிட்டால் அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொல்லக் காரணம், எங்கள் பிளாக்கில் மேல் வீட்டில் ஏழு வாரக் குழந்தை. புருஷன், பெண்டாட்டி ரெண்டு பேர்தான். பிரசவம் முடிந்து மாமியார் ஒரு மாசம் இருந்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஊரில் ஸ்கூல் வேலை, லீவு கிடைக்கவில்லை. புருஷனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. கம்பெனி, அமெரிக்காக்காரன் முழித்திருக்கும்போது இவரும் முழித்திருக்க வேண்டும்.

போன வாரம் மாடிப்படியில் அந்தப் பெண் என்னை நிறுத்தி, "அங்கிள், ராத்திரி சத்தம் தொந்தரவா இருக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு வயசு அறுபத்தெட்டும்மா. ரெண்டு மணிக்கு நானே கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. மாமியார் போனில் 'பால் பத்தலை' என்கிறாராம். கீழ் வீட்டு அம்மா 'உரம் விழுந்திருக்கும், சேலையில போட்டு உருட்டு' என்கிறாராம். (தயவுசெய்து யாரும் உருட்டாதீர்கள். பிஞ்சுக் கழுத்து.) பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் தீர்ப்பு, கண்ணு பட்டிருக்கு. நியூஜெர்ஸியில் இருக்கும் தோழியோ, 'அழவிட்டுப் பழக்கு, மூணே நாள்' என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறாள்.

"அவ குழந்தை ராத்திரி பூரா தூங்குதாம் அங்கிள். நான்தான் ஏதோ தப்பு பண்றேன்போல."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14-லிருந்து 17 மணி நேரம் தூங்குகிறது. நம்மைவிட இரண்டு மடங்கு. பிரச்னை என்னவென்றால், அதை ரெண்டு மணி, மூணு மணி என்று சில்லறையாக மாற்றிச் செலவழிக்கிறது. ராத்திரி, பகல் என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது. கருப்பையில் இருட்டுதான், ஆனால் அம்மாவின் ரத்தத்தில் இருந்த மெலடோனின் என்ற ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாகப் போய், 'இப்போது ராத்திரி' என்று தகவல் சொல்லிக்கொண்டிருந்தது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்தத் தகவல் தொடர்பும் அறுந்துவிடுகிறது. குழந்தை சொந்தமாக ஒழுங்கான நேரத்துக்கு மெலடோனின் சுரக்க ஆரம்பிக்க ரெண்டு, மூணு மாசம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் தாய்ப்பால்தான் கடிகாரம். ராத்திரி சுரக்கும் பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் கிட்டத்தட்ட இல்லை. இயற்கை எவ்வளவு யோசித்திருக்கிறது பாருங்கள்.

அடுத்தது பசி. முயல் தன் குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டு அதன் வேலையைப் பார்க்கப் போய்விடும். முயல்பால் அவ்வளவு கெட்டி. மனிதப்பால் நீர்த்தது, சீக்கிரம் செரிப்பது, அடிக்கடி குடிப்பதற்கென்றே அமைந்தது. ஆரம்ப வாரங்களில் 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. இதில் மூன்று நான்கு தடவை ராத்திரியில்தான் விழும்; கணக்கு அப்படி. பால் சுரக்கத் தூண்டும் ப்ரோலாக்டின் ஹார்மோனும் ராத்திரியில்தான் அதிகம். ஆகவே ராத்திரி எழுந்து பால் கேட்கிற குழந்தை, 'பால் பத்தலை' என்று புகார் கொடுக்கவில்லை. நாளைக்கான பாலுக்கு ஆர்டர் கொடுக்கிறது. (எடை ஏறுகிறதா, நாப்கின் ஒழுங்காக நனைகிறதா என்று பாருங்கள். அது ரெண்டும் சரியாக இருந்தால் பால் போதும் என்று அர்த்தம். இல்லையென்றால் டாக்டரைப் பாருங்கள்.)

மூன்றாவது, தூக்கத்தின் அமைப்பு. 1950-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியல் க்ளைட்மன் என்ற பேராசிரியர், யூஜின் அஸரின்ஸ்கி என்ற தன் மாணவரைத் தூங்கும் குழந்தைகளின் கண்களைக் கவனிக்கச் சொன்னார். போரடிக்கிற வேலை. அதில் ஆரம்பித்துத்தான், தூக்கத்தில் மூடிய இமைக்குள் விழி வேகமாக அலைகிற ஒரு கட்டம் இருப்பதை இருவரும் கண்டுபிடித்து 1953-ல் வெளியிட்டார்கள். கனவுத் தூக்கம். நமக்கு இது மொத்தத் தூக்கத்தில் கால்வாசி. பிறந்த குழந்தைக்குப் பாதி. அந்த நேரத்தில் அது முகம் சுளிக்கும், சிரிக்கும், முனகும், கைகாலை உதைக்கும். நம் பாட்டிகள் 'நரி விரட்டுது' என்றார்களே, அது இதுதான். நரி விரட்டும்போது குழந்தை பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருக்கிறது. அவசரப்பட்டுத் தூக்கினால் நாம்தான் அதை எழுப்புகிறோம். ஒரு நிமிஷம் காத்திருந்து பார்ப்பதில் தப்பில்லை.

பெரியவர்களுக்கு ஒரு தூக்கச் சுற்று சுமார் 90 நிமிஷம். குழந்தைக்கு 50, 60 நிமிஷம்தான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் தூக்கம் லேசாகும். லேசாக முழிப்பு வரும். இப்படி லேசாகத் தூங்குவது குழந்தைக்குப் பாதுகாப்பும்கூட. மூச்சுக்குத் தடை வந்தால் சட்டென்று விழிக்க வேண்டுமே.

அப்படியானால் அந்த நியூஜெர்ஸி குழந்தை? அதுவும் முழிக்கிறது. 1970-களில் தாமஸ் ஆண்டர்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், தூங்கும் குழந்தைகளை ராத்திரி முழுக்க வீடியோ கேமராவில் பதிவு செய்து பார்த்தார். 'எங்க குழந்தை அசையாமத் தூங்கும்' என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் நடுராத்திரி முழித்துச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானாகத் தூங்கியிருந்தன. சில குழந்தைகள் முழித்ததும் ஆளைக் கூப்பிடும், சில கூப்பிடாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி-ஹெலன் பென்னஸ்த்ரி குழுவினர் 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆறு மாதக் குழந்தைகள் 388 பேர். அதில் 38 சதவிகிதம் தொடர்ந்து ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஒரு வயதில்கூட 28 சதவிகிதம் அப்படித்தான். முக்கியமான விஷயம், தூங்காத குழந்தைகளின் வளர்ச்சியில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆறு மாசத்துக்கே இந்த நிலைமை என்றால் ஏழு வாரத்துக் குழந்தையிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

'தோளில் தூங்குது, கீழே போட்டா எழுந்துடுது' என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற புலம்பல். ஜப்பானில் குமி குரோடா என்ற ஆய்வாளர் குழு இதையும் விட்டுவைக்கவில்லை. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அதன் இதயத் துடிப்பு குறைகிறது என்று 2013-ல் காட்டினார்கள். 2022-ல் அடுத்த கட்டம். குழந்தை எழுவது முதுகு படுக்கையில் படும்போது அல்ல, அம்மாவின் உடம்பிலிருந்து பிரிக்கும்போதே என்று கண்டார்கள். அவர்கள் சொல்லும் வழி: ஐந்து நிமிஷம் சீராக நடங்கள். தூங்கியதும் ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் மடியில் வைத்தபடி உட்காருங்கள். அப்புறம் படுக்க வையுங்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் காசு செலவில்லாத மருந்து. மேல் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.

படுக்க வைப்பது என்றால், மல்லாக்க. தலையணை, துணிமூட்டை எதுவும் பக்கத்தில் வேண்டாம். அமெரிக்காவில் 1994-ல் 'மல்லாக்கப் போடுங்கள்' என்று பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்திலேயே இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை சில வருஷங்களில் பாதியாகக் குறைந்தது. இன்னொன்று, களைத்துப்போய்க் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயர்வதுதான் இருப்பதிலேயே ஆபத்து. தூளி கட்டுகிற வீடுகளில், குழந்தையின் முகமும் கழுத்தும் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற தூரத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

இதுவரை குழந்தைக் கதை. இனி பெரியவர்கள் கதை.

ஜெர்மனியில் 2008 முதல் 2015 வரை ஆயிரக்கணக்கான பெற்றோரிடம் தூக்கக் கணக்கு கேட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் அம்மாக்களுக்குத் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் நஷ்டம். அப்பாக்களுக்குக் கால் மணி நேரம். ஆறு வருஷம் ஆகியும் இருவருக்குமே பழைய தூக்கம் முழுசாகத் திரும்பவில்லை.

நம் முன்னோர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? இதற்கு ஒரு பதில் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. வடக்கு தான்சானியாவில் ஹாட்ஸா என்று ஒரு மக்கள். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்கள். 33 பெரியவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி 20 நாள் கவனித்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. எல்லோரும் ஒரே சமயத்தில் அயர்ந்து தூங்கிய நேரம் மொத்தம் 18 நிமிஷம். ஒரு நாளைக்கு அல்ல. 20 நாளைக்கும் சேர்த்து. எப்போதும் யாரோ ஒருவர் முழித்திருக்கிறார். இளவட்டங்கள் லேட்டாகப் படுக்க, வயசானவர்கள் விடிவதற்கு முன்பே எழ, யாரும் ஷிப்ட் போட்டுக் கொடுக்காமலே காவல் நடக்கிறது. வயசானால் தூக்கம் குறைவது வியாதி அல்ல, கூட்டத்துக்குக் காவலாக அமைந்த ஏற்பாடாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு என் ரெண்டு மணி முழிப்பின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

நம் ஊரிலும் இந்த ஏற்பாடு இருந்தது. அதற்குப் பெயர் தாய்வீடு. தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு போட்டு அழைத்துப் போய், பிறந்து மூணாம் மாசமோ ஐந்தாம் மாசமோ கொண்டுவந்து விடுவார்கள். கவனியுங்கள், குழந்தையின் மெலடோனின் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் அந்தப் பெண் தன் அம்மா வீட்டில். ராத்திரி பால் கொடுத்ததும் பாட்டி வாங்கிக்கொள்வார், ஏப்பம் விடவைக்க ஒரு சித்தி, தூளி ஆட்ட ஒரு அத்தை. பெற்றவள் பால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடலாம். (அப்பா என்கிற ஆசாமி ராத்திரி டூட்டியிலிருந்து கௌரவமாகத் தப்பித்ததும் இந்த ஏற்பாட்டில்தான். சீர்வரிசையும் செலவும் பெண் வீட்டார் தலையில் விழுந்ததும் இதில்தான். பொற்காலம் என்று சொல்ல வரவில்லை.)

குழந்தைகள் அன்றைக்கும் முழித்தன, இன்றைக்கும் முழிக்கின்றன. மாறியது, எழுந்து வருகிற கைகளின் எண்ணிக்கை. அன்றைக்கு ஆறு ஏழு பேர் பார்த்த வேலையை இன்றைக்கு ரெண்டாவது மாடி டபுள் பெட்ரூமில் ஒருத்தி பார்க்கிறாள். பார்க்க முடியாமல் தவிக்கும்போது, 'நான் என்ன தப்பு பண்றேன்' என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். 2017-ல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். நல்லது. அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் என்றால் கம்பெனியின் மனசு.

மாடிவீட்டுப் பையனை லிஃப்டில் பிடித்தேன். "அங்கிள், நான் எழுந்து என்ன பண்றது? பால் கொடுக்கறது அவதானே" என்றார்.

"பால் கொடுக்கறது இருபது நிமிஷம். நாப்கின் மாத்தறது, ஏப்பம் விடவைக்கறது, தோள்ல போட்டு நடக்கறது, எட்டு நிமிஷம் மடியில வெச்சுக் காத்திருக்கறது, இதெல்லாம் யார் வேலை?"

"காலையில ஆபீஸ்..."

"உங்க அமெரிக்கா கால் எத்தனை மணிக்கு முடியும்?"

"ஒண்ணரை."

"அப்போ ரெண்டு மணி டூட்டி உங்களுது. முழிச்சுத்தானே இருக்கீங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்தப் பெண்ணிடம் என் மனைவி தனியாகப் பேசினாள். குழந்தைக்கு மூணு மாசத்துக்குள் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அழுகை வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரி. அதே மாதிரி, அம்மாவுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல் அழுகை அழுகையாக வந்தால், குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதுவும் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்தான். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 'குழந்தை பெத்தா எல்லாருக்கும் அப்படித்தான்' என்று சொல்லிப் பூசி மெழுகுகிறவர்களை நம்ப வேண்டாம்.

இப்போது காலை அஞ்சரைக்குக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நாங்கள் ரெண்டு பேரும் எப்படியும் எழுந்து காபி குடித்திருப்போம். ஹாலில் நானும், பால்கனியில் அவளுமாகத் தோளில் போட்டு நடக்கிறோம். எட்டு மணிக்கு அந்தப் பெண் இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறாள். "ரெண்டரை மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன் ஆன்ட்டி" என்று நேற்று சொன்னாள். உங்கள் பிளாக்கிலும் ஒரு கைக்குழந்தை இருக்கும். சீக்கிரம் முழிப்பு வந்துவிடுகிற பெரியவர்களும் இருப்பார்கள். காலிங் பெல்லை அழுத்தி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.