பிரேக்கர் பட்டறையில்

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களும் லேத் பட்டறைக்காரர்களும் சுவருக்குச் சுவர் ஒட்டித் தொழில் செய்யும் ஒரு தெருவில், ஆலைகளின் பிரேக்கர்களைப் பழுதுபார்ப்பதையே ஜீவனமாகக் கொண்ட சிலரைப் பார்க்கப் போயிருந்தேன். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்த காலந்தொட்டு இந்தச் சீமையில் நூற்பாலைகள் பெருகியதும், ஆலைகளைச் சுற்றி யந்திரங்களைச் செப்பனிட வல்ல கைகள் பெருகியதும் பலரும் அறிந்த சரித்திரம். ஆனால் யந்திரத்துக்குப் போகும் மின்சாரத்தை அபாய சமயத்தில் அறுத்துவிடும் இரும்புப் பெட்டியைப் பற்றி, அது தொல்லை கொடுக்கத் தொடங்கும் வரையில், ஆலைக்காரர்களே அதிகமாக நினைப்பதில்லை.

நான் போன சமயம் மேஜைமேல் 1600 ஆம்பியர் ஏசிபி (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) ஒன்று பாதி பிரித்த நிலையில் கிடந்தது. ஒரு நூற்பாலையில் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த அது, சில மாதங்களாகக் காரணமின்றி ட்ரிப் ஆகிக்கொண்டிருந்ததாம். ஒவ்வொரு தடவையும் ஸ்பின்னிங் ஃபிரேம்கள் நின்று, மறுபடி ஓட்டும்போது அறுந்த இழைகளையெல்லாம் தொழிலாளப் பெண்கள் ஓடி ஓடிப் பிணைத்து முடிப்பதற்குள் ஷிப்டில் கணிசமான நேரம் வீணாகிவிடும். விற்ற கம்பெனியோ, அந்த மாடலை இப்போது செய்வதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. புதியதன் விலை லட்சத்தைத் தாண்டுகிறது என்பதைக் காட்டிலும், அது பழைய பேனலில் பொருந்தாது என்பதுதான் பெரிய கஷ்டம். செம்பு பஸ்பார்களை வெட்டி, புதிதாகத் துளையிட்டு, பேனலின் கதவையும் மாற்றி முடிக்கும் வரையில் ஆலை நிற்க வேண்டும்.

"இந்தத் தொல்லை வர்றதுக்கு முன்னால இதைக் கடைசியா எப்பங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீங்க?" என்று கேட்டார் பட்டறைப் பெரியவர்.

ஆலை எலக்ட்ரீஷியன் சற்று யோசித்து, "போன தீபாவளி லீவுலகூடப் பண்ணலைங்ணா" என்றார்.

பெரியவர் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால், பிரேக்கரை மூடிய நிலையில் பிடித்து வைக்கும் லாட்ச்சைச் சுரண்டி என்னிடம் காட்டினார். தொழிற்சாலையில் பூசியபோது வெண்ணெயாக இருந்திருக்க வேண்டிய கிரீஸ், ஆலைக்குள் பறக்கும் பஞ்சுத் தூசியோடு சேர்ந்து இறுகி, பழுப்பு நிறப் பிசினாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் லாட்ச் முழுமையாகப் பொருந்தி உட்காராமல், சிறு அதிர்வுக்கும் நழுவி ட்ரிப் ஆகிறது. அதே கிரீஸ்தான், உண்மையிலேயே ஷார்ட் ஏற்பட்டால் கணத்தில் திறக்க வேண்டிய பாகங்களைத் தாமதப்படுத்தவும் செய்யும். வேண்டாதபோது விழுவதும் வேண்டியபோது விழாமல் இருப்பதும் ஒரே அசிரத்தையின் இரண்டு பலன்கள் என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

காண்டாக்டுகளைச் சுத்தம் செய்ய உப்புத்தாளை எடுத்த ஒரு பையனை அவர் கையமர்த்தினார். மேலே இருப்பது வெள்ளி. தேய்த்தால் வெள்ளியும் போகும், தாளின் மணல் துகள்களும் பதிந்து நிற்கும். மின்பொறியின் உக்கிரத்தை ஏற்பதற்கென்றே தனியாக ஒரு ஜோடி காண்டாக்டுகள் உண்டு. மூடும்போது முதலில் தொட்டு, திறக்கும்போது கடைசியில் விலகி, பிரதான காண்டாக்டுகள் கருகாமல் அவை காக்கின்றன. குழி விழுந்திருந்த அவற்றை மட்டும் மாற்றி, மூன்று ஃபேஸ்களின் தடையையும் மைக்ரோ ஓமில் அளந்து, மூன்றும் ஏறக்குறைய ஒத்து வரும் வரையில் ஸ்பிரிங் அழுத்தத்தைச் சரிசெய்தார்கள். பின்பு ட்ரிப் யூனிட்டுக்குச் சோதனைக் கருவியால் ஓவர்லோடு வந்தது போன்ற கரண்டைச் செலுத்தி, குறித்த நேரத்துக்குள் அது ஆணையிடுகிறதா என்று பார்த்தார்கள். ஒவ்வோர் அளவும் ஒரு தாளில் ஏறியது. பழுதுபார்த்ததற்கு அத்தாட்சி அந்தத் தாள்தான். அது இல்லாமல், துடைத்துப் பளபளப்பாக்கித் தரும் பிரேக்கரை எந்த ஆலையும் வாங்கக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்த வேளையில் ஒரு சிறு பட்டறை முதலாளி, ஷார்ட்டில் கருகிய எம்சிசிபி (மோல்டட் கேஸ் சர்க்யூட் பிரேக்கர்) ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் அதைத் திறக்கவே இல்லை.

"புதுசு வாங்கிருங்க."

"நீங்க பார்த்தா ஓடும்னாங்களே, அண்ணா?"

"ஓடும்ங்க. அடுத்த ஷார்ட்டுல அறுக்கோணுமே, அதுக்கு நான் ஜவாப்தாரி ஆக முடியாதுங்க."

அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஏசிபி பிரித்துப் பராமரிக்கவே அமைந்தது. எம்சிசிபியோ வார்ப்பு உறைக்குள் மூடி முடிக்கப்பட்டது. ஐஇசி 60947-2 என்னும் சர்வதேச விதியின்படி, உச்ச அறுப்புத் திறனுக்கான சோதனையில் அது ஒருமுறை அறுத்து, மறுபடி மூடி இன்னொருமுறை அறுத்தால் போதும். அதற்குப் பிறகும் தன் முழுச் சுமையைத் தாங்க வேண்டும் என்று அந்த விதி கேட்பதில்லை. வந்த வருமானத்தைத் திருப்பி அனுப்பத் தெரிந்த அந்த மனிதரிடம், ட்ரிப் ஆகும் தொல்லைக்குப் பயந்து செட்டிங்கை ஏற்றி வைத்துவிட்டு, கேபிள் தீய்ந்த பிறகு பிரேக்கரைக் குறைகூறும் மானேஜர்கள் கற்க வேண்டியது நிரம்ப இருக்கிறது.

இந்தப் பட்டறைக்காரர்களுக்கு வேலை குவிவது பொங்கலிலும் தீபாவளியிலும்தான். ஆலை நின்றால்தானே பேனலைத் திறக்கலாம்! ஊரார் புத்தாடை உடுத்தும் நாளில் இவர்கள் பேனல் ரூமில் வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் கூலி பேசும்போது, சாதாரண நாள் கணக்கே போதும் என்று வாதாடும் முதலாளிகள் உண்டாம். புதிய பிரேக்கருக்கும் பேனல் மாற்றத்துக்கும் ஆகக்கூடிய தொகையை ஒரு பக்கமும், பண்டிகை நாளை விட்டுக்கொடுத்து வருகிற நாலு பேருக்கு இரட்டைக் கூலியை மறுபக்கமும் எழுதிப் பார்த்தால், அந்த வாதத்துக்கு இடமே இராது.