எந்த அச்சு, ஐயா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியனின் வலைப்பூவுக்குள் பிக்-அப் வண்டியின் பின் அச்சு எப்படி நுழைந்தது என்று நண்பர்கள் வியக்கக்கூடும். ஒரு மாணவனின் கேள்விதான் காரணம்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 475ஆம் குறளை விளக்கிக்கொண்டிருந்தேன். மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அதன் கருத்து. வாசிப்பில் தடுமாறும் மாணவன் ஒருவன் எழுந்து, "எந்த அச்சு, ஐயா? பாரம் தாங்குவதா, சக்கரத்தைச் சுற்றுவதா?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. அவன் தந்தை பழைய பிக்-அப் வண்டிகளைப் பழுதுபார்ப்பவர். சனிக்கிழமை அவரது பட்டறைக்குச் சென்றேன்.

கையில் ஒரு பொட்டலமும் கொண்டு சென்றேன். 1983இல் என் தந்தை ஒரு தோட்டத்தின் பிக்-அப்பை ஓட்டிவந்தபோது, பின் சக்கரம் கழன்று, வண்டியையே முந்திக்கொண்டு உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அளவுக்கு மீறி உரமூட்டை ஏற்றினார் என்று பழி வந்தது, வேலையும் போயிற்று. முறிந்த இரும்புத் துண்டைக் கிரீஸ் தடவித் துணியில் சுற்றி இன்றுவரை வைத்திருக்கிறார். ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை. அந்தக் குறளை நடத்தும்போதெல்லாம் எனக்குச் சற்றுக் கசக்கும்.

பட்டறையில் பையன்தான் ஆசிரியன். நீளமான பழைய லேண்ட்ரோவர் ஒன்றின் பின் சக்கரத்தைக் காட்டினான். நடுவில் குடம் வெளியே துருத்தி நிற்க, அதன் முகத்தில் திருகுகள் வட்டமாக இருந்தன. இது ஃபுல் ஃப்ளோட்டிங். பாரத்தை வெளிக்குழாய் தாங்கும்; உள்ளே இருக்கும் தண்டு சுற்றுவதோடு சரி. அத்திருகுகளைக் கழற்றினால், சக்கரத்தைத் தொடாமலே தண்டை உருவிவிடலாம். பக்கத்தில் நின்ற பழைய ஹைலக்ஸில் அந்தத் திருகு வட்டம் இல்லை. அது செமி ஃப்ளோட்டிங். ஒரே தண்டு பாரமும் தாங்கி, சக்கரத்தையும் சுற்றுகிறது. பேரிங்குக்கு வெளிப்புறம் முறிந்தால் சக்கரமும் கூடவே போய்விடும்.

பிறகு வண்டிக்குப் பின்னால் குனியச் சொன்னான். லேண்ட்ரோவரில் அச்சின் நடு உருண்டைக்குப் பின்புறம் திருகுகள் சூழ்ந்த மூடி. பல்சக்கரங்களை அவ்வழியே எடுக்கவேண்டும். ஹைலக்ஸில் பின்புறம் மொழுமொழுவென்றிருந்தது, திருகுகள் முன்பக்கம். பல்சக்கர விகிதத்துக்கும் வழி சொன்னான். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விடவேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலானால், ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முறை சுற்ற, நடுத்தண்டு எத்தனை சுற்று வருகிறதோ அதுவே விகிதம். எஞ்சின் அறைத் தகட்டிலும் குறியீடு உண்டு. ஆனால் பழைய வண்டிகளில் அச்சையே மாற்றியிருப்பார்கள். ஆகவே தகட்டை மட்டும் நம்பக்கூடாதாம். தமிழ்ப் பத்தியை வாசிக்கத் திணறும் பிள்ளை இது!

"மாட்டு வண்டி அச்சு சுத்தவே சுத்தாது, ஐயா. பாரம் மட்டும்தான்," என்று என் பாடத்தையும் முடித்து வைத்தான்.

பொட்டலத்தை அவன் தந்தையிடம் கொடுத்தேன். கிரீஸைத் துடைத்து, முறிந்த முகத்தை வெயிலில் நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். பெரும்பகுதி வழவழவென்று, கடற்கரையில் அலை விட்டுச்சென்ற கோடுகளைப்போல வளைகோடுகளுடன் இருந்தது. ஓரத்தில் விரல்நகமளவு மட்டும் கரடு.

"சார், இது ஒரே நாள்ல ஒடிஞ்சது இல்ல. விரிசல் கொஞ்சங்கொஞ்சமா வளர்ந்திருக்கு. கடைசியில ஒடிஞ்சது இந்தக் கரடு மட்டும்தான். பாரம் ரொம்ப அதிகமா இருந்திருந்தா, இவ்வளவு சின்ன இடம் மிஞ்சுற வரைக்கும் தாங்கியிருக்காது."

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். துண்டை வாங்கி, விளக்கடியில் பிடித்து, அந்தக் கோடுகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பையனை ஒரு நாள் கூட்டிக்கிட்டு வா," என்றார்.