பேசாத யந்திரமும் கண்ணில்லாத கிராணியும்

தோட்டக் காரியாலயத்துக் கிராணி ஒருவர் கண்பார்வை அற்றவர் என்றால் வியப்போர் பலர். அக்காரியாலயத்தின் கணினிகளையும் அவரே பராமரிக்கிறார் என்றால் நம்புவோர் சிலர். அப்படிப்பட்ட கிராணியே இதனை எழுதும் நாம்.

பத்தாண்டுகளுக்கு முன் விழித்திரை நோய் நம்மைப் பற்றிற்று. முதலில் இரவுப் பார்வை போயிற்று. அடுத்துப் பக்கப் பார்வை. முடிவில் எதிரே நிற்பவர் முகமும் மறைந்தது. முற்பிறப்பின் வினை என்றனர் உறவினர். பரிகாரத்துக்கு நாள் குறித்துத் தந்தோரும் உளர். நாம் அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பிரெயில் எழுத்தைக் கற்கப் புறப்பட்டோம்.

எழுத்தைச் செவிக்குச் சொல்லும் மென்பொருள்கள் இன்று உள்ளன. அவற்றுள் ஒன்றான என்.வி.டி.ஏ.வை 2006ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்னும் ஆஸ்திரேலியர், அவரும் பார்வையற்றவரே. அது விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் இத்தகைய வாசிப்பானுக்கு ஓர் எல்லை உண்டு. கணினி நினைவோடு இருக்கும் வரைதான் அதனுள் குடியிருக்கும் வாசிப்பானும் பேசும். கணினி மூர்ச்சையானால் வாசிப்பானும் உடன் மூர்ச்சையாகும். கண்ணுள்ளவர் அப்பொழுது திரையைப் பார்த்து நோயை அறிவர். நமக்கோ திரை வெறும் கண்ணாடி.

சென்ற ஆண்டு ஒரு மாதத்தின் 6ஆம் நாள் மாலை அந்நிலை நேர்ந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பள மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலியைக் கொடுத்தாக வேண்டும். செக்ரோல் கணக்கு முழுவதும் காரியாலயத்துச் சர்வரில் இருந்தது. அதுவோ எவருடைய கணினிக்கும் மறுமொழி தரவில்லை. லயத்தில் இருக்கும் தமிழரும், கடல் கடந்து வந்து குலை வெட்டும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் மறுநாள் பணத்தை எதிர்பார்த்திருந்தனர்.

“பச்சை விளக்கு எரிகிறது, ஐயா. யந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. சுவிட்சை அணைத்துப் போட்டுவிடட்டுமா?” என்றார் இளைய கிராணி.

“தொடாதே, தம்பி” என்றோம். எழுதி முடியாத கணக்குகள் நடுவில் அறுந்தால் சிதையக்கூடும்.

முதலில் நம் மடிக்கணினியிலிருந்து ‘பிங்’ அனுப்பினோம். 1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் இயற்றிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் எழுப்பும் ஓசையையே அதற்குப் பெயராக இட்டார். ஓசையால் வழி தேடும் எம்போன்றோருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி ஏது? மறுமொழி உடனே வந்தது. ஆகவே மின்சாரம் உண்டு, கம்பி உண்டு, யந்திரத்தின் கருவும் விழித்திருக்கிறது. உள்ளே நுழைய முயன்றால் மட்டும் வாயில் திறக்கவில்லை. எதற்காகவோ அது காத்து நிற்கிறது என்று ஊகித்தோம்.

யந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தோம். காற்றாடி சீராகச் சுழன்றது. அதனடியில் ‘டிக், டிக்’ என்று ஒரு தட்டல். சற்று நின்று மீண்டும் தட்டல். பச்சை விளக்கு சொல்லாததைக் கை சொல்லிற்று.

ஊகம் போதாது, சான்று வேண்டும். சர்வரின் பின்புறத்திலிருந்து நம் மடிக்கணினிக்குச் சீரியல் கேபிள் ஒன்றை முன்னமே இணைத்திருந்தோம். திரையில் தோன்ற வேண்டிய எழுத்து அதன் வழியே நம் வாசிப்பானுக்கு வந்து சேரும். சர்வர் ஊமையானாலும் பக்கத்திலிருக்கும் கணினி அதற்காகப் பேசும். அது வாசித்தது: இரண்டாம் வட்டு விடை தரவில்லை, மீண்டும் முயல்கிறேன், விடை தரவில்லை.

எங்கள் சர்வரில் ஒரே கணக்கு இரு வட்டுகளில் எழுதப்படும். ஒன்று நோயுற்றதால் யந்திரம் முழுவதும் அதன் வாசலில் காத்து நின்றது. லினக்ஸில் ‘மந்திரச் சாவி’ என்று ஒன்றைச் சொல்வர். மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. அது யந்திரத்தின் கருவோடு நேரே பேசும் வழி, அவ்வளவே. நினைவிலிருந்ததை எழுதி முடிக்கச் சொல்லி, பின்னர் முறையாக நிறுத்தினோம். ஒவ்வொரு வட்டின் முகப்பிலும் பிரெயில் புள்ளிகள் ஒட்டியிருந்தோம். விரலால் தடவி இரண்டாவதைக் கழற்றினோம். மீண்டும் முடுக்கியபோது கேபிள் வழியே வரிக்கு வரி சொற்கள் வந்தன. இரவு பத்து மணிக்குச் செக்ரோல் திறந்தது. ஏழாம் நாள் காலை கூலி போய்ச் சேர்ந்தது.

இத்துடன் முடித்தால் நம்மை நாமே புகழ்ந்துகொண்டதாகும். உண்மையில் மூன்று வாரங்களுக்கு முன்பே அந்த வட்டு நலிகிறது என்று சர்வர் இரு முறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. நாள்தோறும் வரும் கடிதங்களின் இரைச்சல் பொறுக்காமல், அப்பெட்டியைத் திறவாமல் விட்டிருந்தோம். புது வட்டு அப்பொழுதே போட்டிருந்தால் அந்த இரவே நேர்ந்திராது.

மறுநாள் நிர்வாகி, “பாவம், கண் தெரியாதவர், இவ்வளவு செய்ததே பெரிது” என்றார். அந்தச் சொல் இதமாகவே இருந்தது. அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ள ஒரு கணம் ஆசையும் எழுந்தது. ஒதுங்கியிருந்தால், கண்ணில்லாதவனிடம் இப்பொறுப்பைத் தரலாகாது என்னும் கொள்கைக்கு நாமே கையெழுத்திட்டவராவோம். அடுத்து வரும் பார்வையற்ற இளைஞருக்கு இந்த நாற்காலி கிடைத்திராது. ஆகவே, “எச்சரிக்கைகள் வந்தன, சார். நான் அவற்றைப் படிக்கவில்லை. இதில் கண்ணின் குற்றம் ஏதுமில்லை, என் கவனக் குறைவு” என்று சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மற்றக் கிராணிகளைக் கடிந்துகொள்ளும் அதே குரலில் நம்மையும் கடிந்துகொண்டார்.

பார்வை போன நாள் முதல் எவரும் நம்மைக் கடிந்ததில்லை. அன்றுதான் முழுக் கிராணியாக மதிக்கப்பெற்றோம்.