பத்து வரி போதாது



பள்ளிவாசல், ஸகாத் கமிட்டி, ஜனாஸா சங்கம் என்று பல இடங்களில் இப்போது கணக்குகளைக் கொம்பியூட்டருக்கு மாற்றுகிறார்கள். நல்ல விஷயம். வங்கிக் கூற்றையும் ரசீதுப் பட்டியலையும் எக்செல்லில் கொடுத்தால் மென்பொருள் தானே வாசித்து உரிய கணக்கில் பதியும். எந்த வரி எந்தக் கணக்குக்கு என்பதை முன்கூட்டியே விதிகளாக எழுதி வைப்பார்கள். நான் கணக்கீடு படிப்பிப்பதால் "சேர், ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க" என்று சில தம்பிமார் கேட்கிறார்கள்.

அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பத்து வரி போட்டுப் பார்த்தோம். பரீட்சை மீதி சமப்பட்டது. இனிப் புத்தகத்தை மூடலாம்."

மூட வேண்டாம். உயர்தரப் பிள்ளைகளுக்கே தெரியும், பரீட்சை மீதி சமப்பட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஸகாத் நிதிக்குப் போக வேண்டிய 50,000 ரூபாய் பொது நிதிக்குப் போனாலும் பேரேட்டில் இரண்டும் ஒரே பக்கம்தான். மீதி அழகாகச் சமப்படும். அந்தக் காசில் பள்ளியின் கரண்ட் பில்லும் கட்டுப்பட்டுவிடும். ஸகாத் பெறத் தகுதியானவர்கள் எட்டுக் கூட்டத்தார் என்று குர்ஆன் (9:60) சொல்கிறது. கரண்ட் பில் அதில் இல்லை.

இந்தப் பிழை எப்படி வரும்? "விபரத்தில் ஸகாத் என்று இருந்தால் ஸகாத் நிதி, மற்றதெல்லாம் பொது நிதி" என்று விதி எழுதியிருப்பார்கள். ஆனால் வங்கியில் காசு போடுபவர் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் ஒருநாள் 'இசட்'டில் தொடங்குவார், இன்னொருநாள் 'எஸ்'ஸில் தொடங்குவார். சிலர் கடைசியில் ஒரு 'எச்' சேர்ப்பார்கள். சிலர் தங்கள் பெயரை மட்டும் போடுவார்கள். இன்னும் சிலர் ஸகாத்தையும் சந்தாவையும் ஒரே தொகையாக அனுப்புவார்கள். நாமே உட்கார்ந்து எழுதிய பத்து மாதிரி வரிகளில் இவை எதுவும் இருக்காது. ஏனென்றால் விதியை எழுதியவரே மாதிரியையும் எழுதியிருக்கிறார்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்:

1. போன வருட ரமழான் மாதத்தின் முழு வங்கிக் கூற்றையும் மாதிரியாக எடுங்கள். வருடத்தில் எல்லா வகை வரவும் கலந்து வருவது அந்த மாதத்தில்தான். கொடுத்தவர், பெற்றவர் பெயர்களை நீக்கி இலக்கம் போடுங்கள். அவர்களுடைய மானம் நம்மிடம் அமானிதம்.

2. ஒவ்வொரு விதிக்கும் அது பிடிக்க வேண்டிய வரியும் இருக்கட்டும், பிடிக்கக் கூடாத வரியும் இருக்கட்டும்.

3. மாதத்தின் முதல் 12 நாட்களின் திகதிகள் கட்டாயம் வேண்டும். 03/04 என்பதை ஏப்ரல் 3 என்று வாசிக்கிறதா, மார்ச் 4 என்று வாசிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

4. திரும்பி வந்த காசோலை, இரண்டு முறை பதிந்த ரசீது, தொகை இல்லாத வரி ஆகியவற்றையும் வேண்டுமென்றே போடுங்கள். அவற்றை மென்பொருள் ஏற்காமல் நிறுத்த வேண்டும்.

5. சரியான விடையை முதலில் கையால் கணித்து எழுதி வையுங்கள். பிறகு ஓட்டுங்கள். விடையைப் பார்த்த பிறகு "சரிதான் போல" என்பது பரிசோதனை அல்ல.

6. எந்த விதிக்கும் அகப்படாதது பொது நிதிக்குப் போகக் கூடாது. தொங்கல் கணக்கில் நிற்கட்டும். ஒரு மனிதர் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கேட்கலாம். பிரித்தானியாவில் 1999 முதல் தபாலகங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் பாவிக்கப்பட்டது. அது காட்டிய பற்றாக்குறைகளை நம்பி, 900க்கும் அதிகமான உப தபாலதிபர்கள் களவு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில்தான் இலண்டன் உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

நம் ஊரில் சம்பளமில்லாமல் பொருளாளராக இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். நாளை கணக்கு பிசகினால் ஜமாஅத்தில் எழும்பி நிற்பவர்கள் மென்பொருளைக் கேட்கப் போவதில்லை, அந்த மனிதரைத்தான் கேட்பார்கள். அவருக்காகவாவது ஒரு மாதம் புத்தகத்தையும் கொம்பியூட்டரையும் சேர்த்தே நடத்துங்கள். இரண்டும் ஒவ்வொரு நிதியிலும் சதம் பிசகாமல் ஒத்து வந்த பிறகு புத்தகத்தை மூடுங்கள்.

உங்கள் ஊர் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் இதை அனுப்பி வையுங்கள்.