அந்தத் தீவில் யாரைக் குடியேற்றுவது?

உலகத்தைச் சிருஷ்டிப்பது பிரம்மதேவனுக்கு எவ்வளவு சிரமமாயிருந்ததோ, நாம் அறியோம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு அது மிகவும் சிரமமான காரியம் என்பதை மட்டும் சமீபத்தில் நேரிலே கண்டோம்.

நம்மிடம் சரித்திரம் படிக்கும் மாணவர் ஐவர், சனிக்கிழமை தோறும் நம் வீட்டுத் தாழ்வாரத்தில் கூடி ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். அதற்குப் பந்தும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். காகிதமும், பென்சிலும், இருபது முகம் கொண்ட பகடையும் போதும். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, தாம் செய்ய விரும்புவதைச் சொல்வார்கள். எண்ணியது ஈடேறிற்றா என்பதைப் பகடை தீர்மானிக்கும். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதே இவ்வகை விளையாட்டுக்கெல்லாம் முன்னோடி.

கதை நடத்தும் பையன் ஒரு பூகோளப் படம் வரைந்து வந்தான். கிழக்குக் கோடியில் ஜப்பானைப் போன்ற ஒரு தீவு ராஜ்யம். கோட்டைகள், வெந்நீர் ஊற்றுகள், வாளேந்திய வீரர்கள் எல்லாம் தயார். “ஸார், எல்லாம் ஆயிற்று. இதில் எந்த இனத்தைக் குடியேற்றுவது என்பதுதான் தகராறு” என்றான். ஐவரிடம் நான்கு அபிப்பிராயங்கள் இருந்தன.

முதல் கட்சி, காதும் ஆயுளும் நீண்ட எல்ஃப் இனம். “நளினமானவர்கள், ஸார். தேநீர் பருகுவதைக்கூட ஒரு கலையாக்கிய தேசத்துக்கு அவர்களே பொருத்தம்” என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜப்பானியர் செர்ரி மலரை ஏன் கொண்டாடுகிறார்கள்? அது சில நாட்களில் உதிர்ந்து விடுகிறது என்பதனால் அல்லவா? நில்லாமையை எண்ணி நெகிழும் மனமே அந்தக் கலைகளுக்கு ஊற்று. 700 ஆண்டு வாழ்கிறவனுக்கு அவசரம் என்ன? இந்த வருஷம் பார்க்காவிட்டால் அடுத்த வருஷம். அதுவும் தவறினால் அடுத்த நூற்றாண்டு! எல்ஃபுகளைக் குடியேற்றினால் மலர் இருக்கும். மலரைப் பார்க்கும் கண் போய்விடும்.

இரண்டாவது கட்சி, சுரங்கம் தோண்டும் குள்ளர் இனம். “வாள் செய்வதில் ஜப்பானியரை மிஞ்ச யார் உண்டு?” என்றான் ஒருவன். உண்மையே. ஆனால் அந்த வாளுக்குரிய உருக்கு எங்கிருந்து வந்தது? ஷிமானே பிரதேசத்தில் இரும்பு கலந்த மணலை நீரில் அலசி எடுத்து, ‘தத்தாரா’ என்னும் களிமண் உலையில் கரியோடு சேர்த்து, மூன்று பகலும் மூன்று இரவும் எரிப்பார்கள். அப்படியும் கிடைக்கும் உருக்கு ஒரே சீராக இராது. அதைச் சீராக்கவே மீண்டும் மீண்டும் மடித்து அடிக்கும் வித்தை வளர்ந்தது. ஆகவே, அந்தத் திறமை ரத்தத்தில் பிறந்ததன்று. கையிலிருந்த பொருளோடு போராடிப் பிறந்தது. வளமான சுரங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் குள்ளனுக்கு அந்தப் பாடு ஏன்?

மூன்றாவது கட்சி சொன்னது கொஞ்சம் படித்த யோசனை. “ஜப்பானியக் கதைகளிலேயே இருக்கும் நரிமாந்தர், மலைவாசி தெங்கு, ஆற்றுவாசி கப்பா ஆகியோரை வைத்தால் என்ன?” என்றார்கள். தோரியாமா செகியென் என்ற ஓவியர் 1776-லேயே இத்தகைய விசித்திரப் பிறவிகளை வரிசையாய்ப் படம் எழுதிப் புத்தகமாக்கியிருக்கிறார். ஆயினும், கப்பாவின் கதையைக் கவனியுங்கள். அதன் தலையில் ஒரு குழி, குழியில் தண்ணீர். நாம் குனிந்து வணங்கினால் மரியாதைக்காக அதுவும் குனியும். தண்ணீர் சிந்தி வலுவிழக்கும். குனிந்து வணங்கும் மனிதர்கள் கரையிலே இருந்தால்தான் இந்தக் கதைக்கு அர்த்தம். தேசம் முழுவதும் கப்பாவானால், யார் யாரை வணங்குவது?

நான்காவது கட்சிக்காரன், “கொம்புள்ள ஓனி அரக்கர்களே ஆளட்டும், பயங்கரமாயிருக்கும்” என்றான். இங்கேதான் நாம் சரித்திரப் புத்தகத்தைத் திறக்க வேண்டி வந்தது. ஓனிகளின் தீவை வென்ற மொமொத்தாரோவின் கதை ஜப்பானியக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்தது. யுத்த காலத்தில், 1945-இல், ஜப்பானியக் கடற்படையின் ஆதரவோடு அந்தக் கதாநாயகனை வைத்து ஒரு சித்திரப் படம் வெளிவந்தது. அதில் கொம்பு முளைத்த வெள்ளைக்காரத் தளபதிகள் நடுநடுங்கிச் சரணடைகிறார்கள். தெற்குத் தீவுகளின் ஜனங்களோ காட்டு மிருகங்களாக உட்கார்ந்து ஜப்பானிய அரிச்சுவடி படிக்கிறார்கள்! வாத்தியாராகிய நம்மை அந்த வகுப்பறைக் காட்சி வெகு நேரம் உறுத்திற்று.

எதிர்த்தரப்பு மட்டும் குறைந்ததா? அதே காலத்து அமெரிக்கச் சித்திரக்காரர்கள் ஜப்பானியரைக் குரங்காகவும் எலியாகவும் வரைந்தார்கள். 1942-இல் பிறப்பித்த உத்தரவினால் ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். ‘இந்த தேசத்தார் அனைவருக்கும் ஒரே சுபாவம், அது பிறவியில் வந்தது’ என்ற எண்ணம் படத்தில் இருக்கும்வரை வேடிக்கை, சட்டத்தில் ஏறினால் முள்வேலி.

போகட்டும், ஜப்பானே ஒரே இனமா? வடக்கே ஐனு மக்கள். அவர்களைப் பூர்வகுடிகள் என்று சட்டத்தில் எழுத 2019 வரை ஆயிற்று. தெற்கே ரியூக்யூ, 1879-இல் இணைக்கப்படும் வரையில் தனி ராஜ்யம்.

பையன்களில் ஒருவன் விடவில்லை. “ஒரு நாட்டுக்கு ஓர் இனம் என்றால் விளையாட எளிது, ஸார். எல்ஃப் என்றவுடன் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது” என்றான். நியாயமான ஆட்சேபம்தான். நாம் பதில் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டோம். “ஒஸாகாவில் உன் வயதுப் பையன் ஒருவன் இதே போல் ஒரு பூகோளம் வரைகிறான். அதில் நம் தேசத்தைப் போன்ற ஒரு ராஜ்யம். அங்கே அவன் எந்த இனத்தைக் குடியேற்ற வேண்டும்?”

சற்று நேரம் மௌனம். பிறகு, “மனிதர்களைத்தான், ஸார். வேறு யாரை?” என்று கொஞ்சம் ரோஷத்தோடு பதில் வந்தது.

நிற்க. விளையாட்டின் தாய்நாட்டிலும் இந்த யோசனை பிறந்திருக்கிறது. 2024-இல் வந்த புதிய விதிப் புத்தகம் ‘ரேஸ்’ என்ற சொல்லை நீக்கி ‘ஸ்பீஷீஸ்’ என்று போட்டது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பது நமது எண்ணம். 1995-இல் சீட்டாட்டமாய்ப் பிறந்து பிறகு கதை விளையாட்டாக வளர்ந்த ‘லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்’ இதைவிட நல்ல வழி காட்டுகிறது. அங்கே ஜப்பானை ஒத்த ரொகுகான் ராஜ்யத்தை ஆள்பவர்கள் மனிதர்களே. நண்டு, நாரை, சிங்கம் என்று குலங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். நண்டுக் குலத்தார் முரடர்கள். காரணம், எல்லைச் சுவரில் தலைமுறை தலைமுறையாகக் காவல் நிற்கிறார்கள். சுபாவம் தொழிலிலிருந்து வருகிறது.

அடுத்த சனிக்கிழமை பூகோளப் படம் திருத்தி எழுதப்பட்டது. முதலில் நிலம்: முக்கால் பங்கு மலை, குறுகிய வயல்கள், அடிக்கடி பூகம்பம். அதில் பெரும்பாலும் மனிதர்கள். மணல் அலசும் ஆற்றங்கரையில் பிழைக்க வந்த குள்ளர் சிலர். கப்பா ஆற்றிலேயே இருக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம். எல்ஃபுகளையும் தள்ளிவிடவில்லை, நிலச்சுவான்தார்களாகச் சில குடும்பங்கள்.

உடனே ஒரு வழக்கும் முளைத்துவிட்டது. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட எல்ஃப் பிரபு அன்றுபோல் இன்றும் இளமையாய் இருக்கிறார். பத்திரத்தை வாங்கிக்கொண்டவனுடைய ஐந்தாவது தலைமுறைப் பேரன் எதிரே நிற்கிறான். ‘உன் முப்பாட்டன் என்னிடம் வாக்குக் கொடுத்தான், என் காதால் கேட்டேன்’ என்கிறார் பிரபு. சாட்சி சொல்ல வேறொருவரும் உயிரோடில்லை. தீர்ப்பு என்ன என்று ஐவரும் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். பகடையை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.